ஒலிப்பதிவுக் கூடத்தில் இறைபணி

முதுமையில் தொழிலை விடுவதா, தொடர்வதா என்பது இந்தியச் சமயங்களில் பழைய கேள்வி. தர்ம சாஸ்திரங்கள் ஆயுளை நான்காகப் பிரித்து, பேரப்பிள்ளையைக் கண்டவர் வீட்டை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வானப்பிரஸ்தனாகக் காட்டுக்குப் போகலாம் என்றன. இசைக்காரர்கள் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்கியதில்லை. எழுபதிலும் எண்பதிலும் பழைய தோழர்களைக் கூட்டிக்கொண்டு மறுபடி ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைகிறார்கள். இது விட முடியாத பற்றா, வேறு ஏதாவதா? தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜாவின் பிற்காலப் பணியை வைத்து இதை ஆராயலாம்.

பண்ணைப்புரம் மேற்கு மலையடிவாரத்து ஊர். கம்பம் பள்ளத்தாக்கின் சம்சாரிக்கு ஓய்வு பெறும் வயது என்று ஒன்று கிடையாது. நடக்க முடிகிறவரை தோட்டத்துக்குப் போவார். பின்னாளில் இளையராஜாவான ராசையா என்ற சிறுவனுக்குப் பாட்டும் முதலில் அப்படியொரு வேலையாகத்தான் வந்தது. அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமை மேடைகளில் பாடியவர். அவரோடு ஊர் ஊராகப் போய் ஆர்மோனியம் வாசித்தார் தம்பி. 1968இல் சென்னை, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைப் பயிற்சி, 1976இல் ‘அன்னக்கிளி’. ரமண மகரிஷி மீதான பக்தி பிற்பாடு சேர்ந்தது.

தொழிலை விடுவதா என்ற கேள்விக்கு ரமணரிடம் ஒரு விடை உண்டு. 1896இல் திருவண்ணாமலைக்கு வந்தவரை 1898இல் தாயார் தேடி வந்து வீட்டுக்கு அழைத்தபோது, அவரவர் பிராரப்தப்படி, அதாவது முன்வினைப்படி, நடக்க வேண்டியது நடந்தே தீரும் என்று எழுதிக் காட்டினார். பின்னாளில், வேலையை விட்டுவிட்டு வரலாமா என்று கேட்ட குடும்பஸ்தர்களிடம், விடவேண்டியது வேலையை அல்ல, ‘நான் செய்கிறேன்’ என்ற எண்ணத்தை என்றார். அவரே விடியுமுன் ஆசிரமத்து அடுக்களையில் உட்கார்ந்து காய் நறுக்கினார். அச்சுப்படி திருத்தினார், பழைய புத்தகங்களுக்கு அட்டை கட்டினார். துறவி என்பவர் சும்மா இருப்பவர் என்று எண்ணி வந்தவர்களுக்கு இது வியப்பாக இருந்திருக்க வேண்டும்.

இதையே இன்னும் கறாராகச் சொன்னவர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் சைவ சித்தாந்தி மெய்கண்டார். சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் இரண்டு இங்கே உதவும். பத்தாவது, இறைவனோடு ஒன்றி அவன் பணியில் நிற்பவனை வினை பற்றாது என்கிறது. பன்னிரண்டாவது எதிர்பாராத இடத்துக்குப் போகிறது. மலம் என்ற கட்டு நீங்கிய ஞானிக்கு அது தனிமையை விதிக்கவில்லை. அடியாரோடு கூடியிரு, அவர்கள் திருவேடத்தையும் கோயிலையும் இறைவனாகவே கொண்டு வழிபடு என்கிறது. ஞானம் முற்றியவருக்கும் கூட்டம் தேவை. காட்டுக்குப் போகச் சொல்லும் ஆசிரம முறைக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. முதிய கலைஞரை விளக்க இதுவே பொருத்தமான சட்டகம்.

அமெரிக்க ஜாஸ் உலகத்தில் இதற்கு ஒரு சாட்சி கிடைக்கிறது. சாக்ஸபோன் கலைஞர் சார்லஸ் லாயிட் 1960களில் பெரும்புகழ் பெற்று, அதன் உச்சத்திலேயே விலகி, கலிபோர்னியாவின் பிக் சர் கடற்கரையில் வேதாந்தப் பயிற்சியில் ஒதுங்கினார். வானப்பிரஸ்தத்தை நடுவயதிலேயே முடித்துக்கொண்டு திரும்பிவந்தவர் எனலாம். 2001 ஜனவரியில், அறுபது கடந்த லாயிட் தம் நெடுநாள் தோழர் பில்லி ஹிக்கின்ஸைத் தம் வீட்டுக்கு அழைத்தார்; இருவருமாக வாசித்துப் பதிவு செய்தார்கள். ஹிக்கின்ஸ் டிரம்ஸ் கலைஞர், இஸ்லாத்தைத் தழுவியவர். கல்லீரல் நோயால் உடல் தளர்ந்திருந்தார். அந்தப் பதிவில் டிரம்ஸோடு நிற்காமல் கிட்டார் எடுக்கிறார், பாடுகிறார். அந்த மே மாதமே காலமானார். 2004இல் வெளிவந்த அந்தத் தொகுப்பில் சாதிக்க வேண்டும் என்ற துடிப்பைத் தேடினால் கிடைக்காது. ஒரு வேதாந்தியும் ஒரு முஸ்லிமும் பன்னிரண்டாம் சூத்திரத்தை அறியாமலே அதன்படி நடந்திருக்கிறார்கள்.

இளையராஜாவின் வாழ்வில் இதற்கு இணையான இடம் பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துடையது. திரைக்கு வருமுன்பே பாலுவின் மெல்லிசைக் குழுவில் பண்ணைப்புரத்துச் சகோதரர்கள் வாசித்தார்கள். அன்றைய ஒலிப்பதிவுக் கூடத்தின் ஒழுங்கு இன்றைக்கு விளங்கிக்கொள்ளக் கடினம். காலையில் இசையமைப்பாளர் ஸ்வரக் குறிப்பு எழுதுவார். அது ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனித் தாளாகப் பிரதியெடுக்கப்படும். கால்ஷீட் நேரத்துக்குள் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒருசேர வாசித்தாக வேண்டும். ஒரு வயலின் பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ‘நான்’ என்பது தலைநீட்டினால் டேக் கெட்டுவிடும். ‘நான் செய்கிறேன்’ என்ற எண்ணத்தைக் கரைக்க இதைவிடக் கண்டிப்பான பயிற்சி மடங்களிலும் சுலபத்தில் கிடைக்காது.

ஆனால் கூடத்தை விட்டு வெளியே வந்தால் வேறு உலகம். 2017இல், தன் பாடல்களை மேடையில் அனுமதியின்றிப் பாடக்கூடாது என்று பாலுவுக்கே இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. இசை தன்னுடையதல்ல, தன் வழியாக வருகிறது என்று எண்ணும் மரபில் வந்தவர் அதற்கு உரிமை கோரி நீதிமன்றம் போகலாமா என்பது அன்று பலரும் கேட்ட கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. வியவகாரம் (உலக நடப்பு) வேறு, பரமார்த்தம் (இறுதி உண்மை) வேறு என்று பதில் சொல்வது எளிது. அத்வைதிகள் எந்தச் சங்கடத்துக்கும் எடுத்து நீட்டும் சாவி அது. மெய்கண்டாரின் சைவ சித்தாந்தம் அவ்வளவு தாராளமாக விட்டுக்கொடுக்காது. அதன்படி ஆணவ மலம் ஒரே நாளில் ஒழிவதில்லை; முக்தியிலும் அது அழியாமல் வலிமை மட்டும் அடங்கிக் கிடக்கிறது. ஆகவே ஒருவரிடமே காலையில் இறைபணியும் மாலையில் உரிமை வழக்கும் இருப்பதில் இந்தத் தத்துவத்துக்கு அதிர்ச்சி ஏதுமில்லை.

பிணக்கு தீர்ந்தது 2019இல். பாலு மறுபடி இளையராஜாவின் கூடத்துக்கு வந்து ‘தமிழரசன்’ படத்துக்குப் பாடினார். அந்த ஜூன் மாதம் சென்னையில் ஒரே மேடையிலும் நின்றார்கள். 2020 மே மாதம், கொரோனாக் காலத்தில் களத்தில் நின்றவர்களுக்காக இளையராஜா அமைத்த ‘பாரத் பூமி’ பாடலின் தமிழ் வடிவத்தைப் பாடியவரும் அவரே. ஆகஸ்டில் பாலு மருத்துவமனையில் இருந்தபோது, எழுந்து வா என்று இளையராஜா காணொளியில் அழைத்தார். செப்டம்பர் 25 அன்று பாலு மறைந்தபின் திருவண்ணாமலைக் கோயிலில் அவருக்காக மோட்ச தீபம் ஏற்றினார். நண்பன் வினை நீங்கிப் போகட்டும் என்று விளக்கேற்றுவது சடங்குதான். ஆனால் அடியார் உறவை இறைவழிபாட்டோடு சேர்த்த சூத்திரத்தின் வெளிச்சத்தில் பார்த்தால் அது சடங்கோடு நிற்பதில்லை.

பழைய கூட்டம் மெலிந்துகொண்டே வந்தது. இளையராஜாவோடு பல ஆண்டுகள் பணியாற்றிய டிரம்ஸ் கலைஞர் புருஷோத்தமனும் அதே 2020இல் காலமாகியிருந்தார். நாற்பது ஆண்டுக்கு மேல் பணி செய்த பிரசாத் கூடத்தை அந்த ஆண்டின் இறுதியில் விட்டு இளையராஜா வெளியேற நேர்ந்தது. அடுத்த ஆண்டே சொந்தக் கூடம் திறந்தார். 2024 ஜனவரியில் மகள் பவதாரிணி மறைந்து தேனி மண்ணில் அடக்கமானார். அந்த மே மாதம், ஐந்து வாரத்தில் ஒரு சிம்பொனி எழுதி முடித்ததாக இளையராஜா அறிவித்தார். துக்கத்தை மறக்கவே எழுதினார் என்று வெளியிலிருப்பவர் சொல்வது அவசர முடிவு. எழுதுவது நிற்கவில்லை என்பது மட்டுமே தெரிகிறது. பிராரப்தம் என்று ரமணர் சொன்னது இத்தகைய நிற்காமையையும் உட்கொள்ளும்.

‘வேலியன்ட்’ என்ற அந்த முதல் சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறியது. ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்கெஸ்ட்ரா வாசிக்க, மிக்கெல் டாம்ஸ் நடத்தினார். அந்த மேடையில் சென்னைக் கூடத்தின் பழைய தோழமைக்கு இடமில்லை. எண்பத்தொரு வயதுக்காரர் எழுதிய தாளை, அவரோடு வளர்ந்திராத கலைஞர்கள் பார்த்து வாசித்தார்கள். பாலுவோடு பாடிய பதிவுகளுக்குப் பன்னிரண்டாம் சூத்திரம் பொருந்தும் என்றால், லண்டனுக்குப் பொருந்துவது பத்தாவது மட்டுமே.