முந்தின ராத்திரி

குழந்தைக்குக் காலையில் ஆபரேஷன் என்றால் முந்தின ராத்திரிதான் நீளம். டாக்டர் சொல்லிவிட்டுப் போனதில் பாதி மறந்துபோகும். மறுபடி கேட்கக் கூச்சம். சிஸ்டர் வேறொரு கட்டிலில் ட்ரிப்ஸ் மாற்றிக்கொண்டிருப்பார்.

சிதம்பரத்தில் 1985இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக இருக்கும் வளாகத்துக்குப் புவனகிரி, கிள்ளை, காட்டுமன்னார்கோயில் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். 2013இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் குழுக்கள் உதட்டுப்பிளவையும் வளைந்த பாதத்தையும் அங்கன்வாடியிலேயே கண்டுபிடித்து அனுப்புகின்றன. செலவுக்கு முதலமைச்சர் காப்பீடு இருக்கிறது. அந்த ராத்திரிக்குத்தான் ஆளில்லை. அம்மாவும் ஆயாவும் கையில் ஒரு போனும். வாயால் கேட்டால் அதிலுள்ள செயற்கை நுண்ணறிவு இயந்திரம் இப்போது தமிழில் பதில் சொல்கிறது.

ஆயாவின் முதல் கேள்வி பால்தான். "ஒரு வாய் குடுத்தா என்னா ஆயிடும்? பசியில அழுவுது பாரு."

கூடாது என்று சொன்னால் மட்டும் போதாது. மயக்க மருந்து ஏறியதும் தொண்டையின் காவல் அடங்கிவிடும். வயிற்றில் கிடப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கலாம். பால் வயிற்றில் திரிந்து கட்டியாகும். அதனால் பொதுவான கணக்கு இது: சோறு, மாட்டுப்பால், பால்பவுடருக்கு 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, வெறும் தண்ணீருக்கு 2. தண்ணீரையும் ராத்திரியோடு நிறுத்திவிடுகிற அம்மாக்கள் உண்டு. நாக்கு வறண்டு அழும் பிள்ளைக்கு அது வீண் தண்டனை. இந்தக் காரணங்களைப் பத்தாவது தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்ல இயந்திரத்தால் முடியும். எனக்கு அதில் பெரிய ஆறுதல்.

ஆனால் நாளைய லிஸ்ட்டில் பிள்ளை முதலாவதா, நாலாவதா என்று அதற்குத் தெரியாது. எந்த மணியிலிருந்து எண்ணுவது என்பதை மயக்க டாக்டர்தான் சொல்ல வேண்டும். தெரியாததையும் தெரிந்ததுபோலச் சரளமாகச் சொல்லிவிடும் இந்த மாதிரி இயந்திரங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2024 ஜனவரியிலேயே எச்சரித்தது. ஆகவே ஆஸ்பத்திரியே தன் மயக்க டாக்டர் பார்த்துத் திருத்திய குறிப்புகளை, அன்றைய லிஸ்ட்டோடு, பேச்சுத் தமிழில் அதற்குள் வைத்துத் தர வேண்டும். அதற்கு மேல் போகும் கேள்வி சிஸ்டரின் போனில் ஒலிக்க வேண்டும்.

ஒரு வார்டு வராந்தாவில் காதில் விழுந்தது. இளம் தாய், போனை வாயருகே பிடித்துக்கொண்டு: "புள்ளைக்கு ரெண்டு நாளா சளி. சொன்னா தேதிய தள்ளிடுவாங்களா?"

டாக்டரிடம் மறைத்ததைப் போனிடம் சொல்கிறாள். சளியும் காய்ச்சலும் இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழாய் இறுகலாம். மயக்க டாக்டர் கட்டாயம் கேட்க விரும்புகிற செய்தி அது. இங்கே இயந்திரம் ஆறுதல் சொல்லி நிறுத்தினால் அது துரோகம். "இப்பவே சிஸ்டர்கிட்ட சொல்லுங்கம்மா" என்று அவளைக் கிளப்ப வேண்டும். அவள் சம்மதித்தால் இயந்திரமே சிஸ்டருக்குச் சொல்லிவிட வேண்டும்.

அவள் பயத்துக்கும் நியாயம் உண்டு. தள்ளிப்போட்டால் திரும்ப பஸ் காசு, வீட்டுக்காரரின் கூலி, பெரியவளைப் பார்த்துக்கொள்ள ஆள். அதற்குப் பதில் போனிடம் கிடையாது. ஆபரேஷன் தள்ளிப்போனால் மறுதேதியை அப்போதே சீட்டில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுப்பார்கள் என்பதும் அட்மிஷன் போடும்போதே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.