மறைவில் காண்பவரும் நாமும்

சென்ற கோடையில் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு பெண்ணைக் கண்டேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவள்; கால்பந்து ஆடுகிறவள். முழங்காலில் கட்டுப் போட்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். முந்தின நாள் மாலை ஒரு போட்டி ஆடியதாகவும், இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றதாகவும், அந்த ஒரு கோலைத் தான் அடித்ததாகவும் சொன்னாள். பார்க்க யார் யார் வந்திருந்தார்கள் என்று விசாரித்தேன். வெளியில் அமர்ந்திருந்த மாற்று ஆட்டக்காரிகளைக் கணக்கில் சேர்க்காவிட்டால், தன் அம்மா ஒருவர்தான் என்றாள். நான் பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்றவன். ஆறுதல் சொல்லும் பழக்கம் இன்னும் விட்டபாடில்லை. "கவலைப்படாதே அம்மா, ஆண்டவர் பார்த்துக்கொண்டிருந்தார்" என்றேன். அவள் சிரித்துவிட்டு, "ஆண்டவர் பார்த்தாரு சார், சரி. நீங்க ஏன் வரல?" என்று கேட்டாள்.

குறும்பாகத்தான் கேட்டாள், பதிலை எதிர்பார்த்து நிற்கவும் இல்லை. ஆனால் மிஷன் வீதி வழியாக நடந்து வீடு சேரும்வரை அந்தக் கேள்வி என் கூடவே வந்தது. அந்த மாலை நான் வீட்டில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நான் அவளிடம் கூறியது பொய்யன்று. மறைவில் நிகழ்வதைக் காணும் தந்தையைப் பற்றி இயேசு மலைப்பொழிவில் போதித்ததையே என் சொற்களில் கூறினேன். அத்தகைய உண்மை, என் வாயிலிருந்து வந்தபோது மட்டும் சாக்குப்போக்காக மாறியது எப்படி?

பெண்கள் கால்பந்து நமக்கு அயலூர்ச் செய்தியன்று. நம் உயர்மறைமாவட்டத்தின் பெயரில் புதுவைக்கு அடுத்து நிற்பது கடலூர். அந்தக் கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாதெமியைச் சேர்ந்த பெண்கள், 2018இல் ஷில்லாங்கில் நடந்த இந்திய மகளிர் லீக்கின் இறுதிச் சுற்றில் நாட்டின் ஏழு அணிகளுள் ஒன்றாக நின்றார்கள். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடியவர். அதே 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டு மகளிர் அணி, இந்த ஆட்டத்தில் நெடுங்காலம் அசைக்க முடியாதிருந்த மணிப்பூரைக் கட்டக் நகரில் வென்று முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றது. 2023இல் அமிர்தசரஸில் மீண்டும் பெற்றது.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கிறேன். 2019ஆம் ஆண்டு மே 12 அன்று ஐ.பி.எல். இறுதியாட்டத்தில் சென்னை அணி ஒரே ஒரு ரன்னில் தோற்றது. அன்றிரவு நம் தெருக்களில் இழவு வீட்டின் அமைதி. சரியாகப் பத்து நாள் கழித்து, மே 22 அன்று, மதுரையின் சேது எஃப்.சி. பெண்கள் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக்கின் சாம்பியன்கள் ஆனார்கள். மறுநாள் நாடாளுமன்றத் தேர்தலின் வாக்கு எண்ணிக்கை. நாளிதழ்களில் இடம் இல்லாமற்போயிருக்கலாம். ஆனால் நம் மனத்திலும் இடம் இல்லாமற்போனதற்குத் தேர்தல் ஆணையத்தைக் குறைசொல்ல முடியாது.

அந்த லீக்கின் முதல் பருவம் 2017இல் தில்லியில் நடந்தது. பருவம் என்ற சொல்லை நாம் பெருமழைக்கும் சாகுபடிக்கும் வழங்குகிறோம். மாதக்கணக்கில் நீள்வது அது. இறுதிச் சுற்றுக்கு வந்த ஆறு அணிகளுக்கும் கிடைத்த பருவமோ ஜனவரி 28 முதல் பிப்ரவரி 14 வரை. பாரதப்போர் நடந்த அதே பதினெட்டு நாள். எஞ்சிய நாட்களில் அவர்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள், கிடைத்த திடலில் தாமாக ஓடினார்கள். சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலும் மாறி மாறி ஆடும் முறை 2023-24இல்தான் வந்தது. 2024இல் அதற்குக் கீழே இரண்டாம் பிரிவு ஒன்றும் தொடங்கப்பட்டது. முதல் பிரிவே கண்ணில் படாத நாட்டில் இரண்டாம் பிரிவில் ஆடுகிறவர்களுடைய நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை ஒன்று உண்டு. மக்கள் விரும்பிப் பார்ப்பதில்லை, ஆகவே பணம் இல்லை. இதில் எவர் குற்றமும் இல்லை என்பது அது. நானும் பலகாலம் இதை நம்பினேன். ஆனால் வரலாறு வேறு கதை சொல்கிறது. 1920ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், தொழிற்சாலைப் பெண்களின் 'டிக் கெர்' அணி ஆடிய ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டார்கள். உள்ளே இடமின்றித் திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கில். அடுத்த ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் இந்த ஆட்டம் பெண்களுக்குப் பொருந்தாது எனக் கூறி, தன் கழகங்களின் திடல்களைப் பெண்களுக்குத் தரலாகாது என்று தடை போட்டது. அத்தடை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. பிரான்சில் விஷி அரசு 1941இல் பெண்கள் கால்பந்தைத் தடைசெய்தது. அந்நாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பு அதை ஏற்றுக்கொண்டது 1970இல். 1954இல் நம் ஊரை விட்டுப் பிரெஞ்சு ஆட்சி நீங்கியபோது, பிரான்சிலேயே இந்த ஆட்டம் பெண்களுக்கு அங்கீகரிக்கப்பட்டதாக இல்லை. ஆக, காண்பவர் தாமாக வராமற்போகவில்லை. வந்தவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இரண்டு தலைமுறை கழிந்தபின், பார்க்கும் பழக்கமே அற்றுப்போன பேரப்பிள்ளைகளைக் காட்டி, "மக்கள் விரும்புவதில்லை" என்கிறோம்.

இன்று இந்த ஆட்டத்தில் முதலில் எண்ணப்படும் நாடு ஸ்பெயின். 2023இல் சிட்னியில் இங்கிலாந்தை 1-0 என்று வென்று உலகக் கோப்பையை எடுத்தது. அங்கும் கால்பந்துக் கூட்டமைப்பு பெண்களை ஏற்றது 1980இல்தான். 2022 மார்ச் 30 அன்று பார்சிலோனாப் பெண்கள் ரியால் மாட்ரிட்டை எதிர்த்து ஆடியபோது அரங்கில் இருந்தவர்கள் 91,553 பேர். அதே பார்சிலோனாவின் பெண்கள் அணி 2007இல் முதல் பிரிவிலிருந்து இறக்கப்பட்டு, ஒரு பருவம் முழுவதும் இரண்டாம் பிரிவில் ஆடி, 2008இல் மீண்டும் ஏறியது. அந்தத் தொண்ணூற்றோராயிரம் பேர் அப்போது எங்கே இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் இந்த உதாரணத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. நானே அதில் சிக்கவிருந்தேன். நாளை பெரிதாகப்போகிறது என்பதால் இன்று சிறியதை மதியுங்கள் என்றால், சிறியதை நாம் மதிக்கவேயில்லை; நாளைய பெருமைக்கு முன்பணம் கட்டுகிறோம், அவ்வளவே. ஸ்பெயினின் இரண்டாம் பிரிவில் (வேடிக்கை என்னவென்றால், 2022 முதல் அதன் பெயர் 'பிரிமேரா', அதாவது 'முதலாவது') பெரிய கழகங்களின் இளைய அணிகளும் ஆடுகின்றன. தாய் அணி முதல் பிரிவில் இருக்கும்வரை இளைய அணி அங்கே ஏற விதி இடந்தராது. பட்டியலில் முதலிடம் பெற்றாலும் அடுத்த ஆண்டும் அதே படிதான். அந்தப் பெண்கள் கடைசி நிமிடம்வரை ஓடுவது எதற்காக? ஒருத்தி மேலணிக்கு அழைக்கப்படலாம், மற்றவர்கள்? பந்தைச் சரியாகக் கொடுப்பது என்பது சரியாகக் கொடுக்கப்பட்ட அந்தக் கணத்திலேயே நிறைவு பெறுகிறது என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தெரியவில்லை. ஜெபமாலை சொல்லும் மூதாட்டியிடம், இதனால் பதவி உயர்வு உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் அவர்களுக்குக் காண்பவரும் வேண்டாம், கூலியும் வேண்டாம் என்று ஆகிவிடுமா? ஆகாது. இங்கே புனித தாமஸ் அக்குவினாஸ் நமக்குத் துணையாகிறார். தம் இறையியல் தொகுப்பில் விளையாட்டைப் பற்றி எழுதும்போது, உடலுக்கு ஓய்வு வேண்டுவதுபோல ஆன்மாவுக்கும் ஓய்வு வேண்டும், அது விளையாட்டால் கிடைக்கிறது என்கிறார். அளவுக்கு மீறிய விளையாட்டை மட்டுமன்றி, தானும் மகிழாமல் பிறர் மகிழ்வதையும் பொறுக்காமல் இருப்பதையும் குற்றமாகக் கருதுகிறார். கூத்தர்களைப் பற்றியும் அங்கே பேசுகிறார். மக்களை மகிழ்விக்கும் அத்தொழில் தன்னளவில் பாவமன்று. அளவோடு அவர்களை ஆதரிப்போர் அவர்களுடைய பணிக்கு உரியதைக் கொடுப்பதால் நீதியையே செய்கிறார்கள் என்பது அவர் கருத்து. அவர் அதைத் தருமம் என்னவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நீதி என்கிறார். பதின்மூன்றாம் சிங்கராயர் திருத்தந்தை 1891இல் விடுத்த சுற்றுமடலும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டது என்பதனாலேயே ஒரு கூலி நியாயமாகிவிடாது என்று கற்பித்தது. ஆட ஆசைப்பட்டு இலவசமாக ஆடச் சம்மதிக்கும் பெண்ணுக்கும் அது பொருந்தும். உலகக் கோப்பை வென்ற சில வாரங்களில், 2023 செப்டம்பரில், ஸ்பெயினின் முதல் பிரிவு ஆட்டக்காரிகள் வேலைநிறுத்தம் செய்த பிறகே அவர்களுடைய குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 16,000 யூரோவிலிருந்து 21,000 ஆக உயர்ந்தது. உலகம் பார்த்துக்கொண்டிருந்த காலத்திலேயே இவ்வளவு பாடு. பார்க்காதபோது?

என் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். "குருசுக்குப்பத்தில் விடியற்காலையில் வலை இழுப்பவனை யார் பார்க்கிறார்கள்? ஊரில் ஆயிரம் உழைப்பு. எல்லாவற்றையும் போய்ப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?" என்றார். முடியாதுதான். ஆனால் மீன் பிடிப்பவன் பிடித்ததை நாம் உண்கிறோம்; பார்க்காவிட்டாலும் அவன் உழைப்பு நம்மைச் சேர்கிறது. ஆட்டம் அப்படியன்று. காண்பவனைத் தவிர அதை உண்பவர் வேறு யார்? தவிரவும், நம் ஊர்ப் பெண்கள் பார்க்கப்படாமலா இருக்கிறார்கள்? கடற்கரைச் சாலையில் ஒரு மாலை நடந்துவிட்டு வரட்டும், எத்தனை கண்கள் என்று அவர்களே சொல்வார்கள். அரைக்கால் சட்டை போட்டு ஆடப்போகிறாளே என்று அக்கம்பக்கத்தார் முணுமுணுப்பதும் ஒருவகைப் பார்வைதான். அவள் உடலைப் பார்க்க நேரம் இருக்கிறது. அவள் செய்யும் செயலைப் பார்க்கத்தான் இல்லை.

மலைப்பொழிவுக்குத் திரும்புகிறேன். தருமம் செய்கிறவனிடமும், ஜெபிக்கிறவனிடமும், நோன்பிருக்கிறவனிடமும்தான் இயேசு மறைவைப் பற்றிப் பேசினார். செய்கிறவனுக்கு உரிய சொல் அது. அந்தப் பெண் தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் அது விசுவாசம். பார்க்காமல் இருந்த நான் அவளுக்குச் சொன்னால் அது வேறொன்று. அதே மத்தேயு நற்செய்தியின் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் இடப்புறம் நிறுத்தப்பட்டவர்கள் சொல்லும் நியாயம் நமக்குத் தெரியும்: ஆண்டவரே, உம்மை எப்போது கண்டோம் என்பதே அது. காணவில்லை என்பதையே அவர்கள் தங்கள் பாதுகாப்பாக எண்ணினார்கள். அதுவே அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றமாக இருந்தது.

ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இவ்வளவு வயதாகியும் அதில் நான் கவனிக்காத ஒன்று இருந்தது. காணிக்கைப் பெட்டிக்கு எதிரே இயேசு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்கிறார் மாற்கு. வேறு வேலையாகப் போகிறபோது தற்செயலாகக் கண்ணில் பட்டதன்று, உட்கார்ந்து பார்த்தார். பார்த்தபின் அவளைக் கூப்பிட்டு, கடவுள் உன்னைப் பார்த்தார் என்று ஆறுதல் சொன்னதாகவும் இல்லை. சீடர்களை அழைத்து, அவளை அவர்கள் கவனிக்கும்படி செய்தார்.

சென்ற மாதம் கோயில் வாசலில் அந்தப் பெண்ணை மறுபடி பார்த்தேன். முழங்கால் குணமாகியிருந்தது. அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்டேன். சனிக்கிழமை மூன்றரை மணிக்கு என்றாள். சீட்டு எவ்வளவு என்று கேட்டதற்கு, அப்படியொன்று இல்லவே இல்லை என்று மறுபடி சிரித்தாள். பிறகு போகிற போக்கில் திரும்பி, "கிரவுண்டுல நிழல் கிடையாது சார், குடை எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள்.