ஓய்வும் வழக்கும்: இரங்கற்பாடலின் அறநிலை – ஏலப்பாறைத் தோட்டத் தமிழரை முன்வைத்து

முன்னுரை

இறந்தோரை நினைந்து பாடுதல் மாந்தர் வழக்கங்களுள் மிகத் தொன்மையானது. ஐரோப்பியக் கத்தோலிக்க மரபில் இவ்வழக்கம் 'ரெக்வியம்' என்னும் இறந்தோர் திருப்பலி இசையாக வடிவம் பெற்றது. தமிழில் அது கையறுநிலை என்னும் புறத்துறையாகவும் ஒப்பாரி என்னும் வாய்மொழிப் பாடல் வகையாகவும் நிலைபெற்றது. இவையெல்லாம் ஒரே துயரின் வெவ்வேறு குரல்கள் எனக் கருதுவது இயல்பு. ஆயினும் இவற்றின் அறநோக்கு ஒன்றன்று. 'ரெக்வியம்' என்னும் இலத்தீன் சொல் ஓய்வைக் குறிப்பது. இறந்தவர்க்கு முடிவிலா ஓய்வை வேண்டியே அவ்வழிபாடு தொடங்குகிறது. ஒப்பாரியோ ஒரு வழக்கை எடுத்துரைக்கிறது. இறந்தவர் பொருட்டு இருப்போர் ஆற்றவேண்டிய கடன் அமைதி வேண்டுதலா, முறையிடுதலா என்னும் வினாவை இடுக்கி மாவட்டம் ஏலப்பாறைப் பகுதித் தோட்டத் தமிழரின் வாழ்வை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

ஏலப்பாறையும் தோட்டத் தமிழரும்

ஏலப்பாறை பீருமேடு வட்டத்தில், குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை செல்லும் சாலையில் அமைந்துள்ள மலையூர். சுற்றிலும் தேயிலையும் ஏலமும் விளைகின்றன. திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மலைகளில் தோட்டப் பயிர்கள் பரவின. அவற்றில் உழைக்கத் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் வழியே தமிழ்க் குடும்பங்கள் மலையேறின. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தியமைக்கப்பட்டபோது, தமிழகத்தோடு இணைய வேண்டும் என்ற கிளர்ச்சியையும் மீறிப் பீருமேடு, தேவிகுளம் வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. 2000ஆம் ஆண்டையொட்டி ஏற்பட்ட தேயிலை விலைச் சரிவில் பீருமேட்டுப் பகுதித் தோட்டங்கள் பல மூடப்பட்டன. கூலியும் பணிக்கொடையும் நிலுவையில் நிற்க, பழுதடைந்த லயங்களிலேயே தொழிலாளர் பலர் வாழ்வைத் தொடர்ந்தனர்.

இங்கு ஓர் அடிப்படைச் செய்தி கருதத்தக்கது. லயத்து வீடு தொழிலாளிக்கு உரிமையானதன்று, வேலைக்கு உரியது. வேலை முடிந்தால் வீடும் முடியும். ஆதலின் உழைப்பவர் ஒருவர் இறக்கும்போது குடும்பம் ஓர் உறவை மட்டும் இழப்பதில்லை. கூரையையும் இழக்க நேர்கிறது. இம்மக்களுள் இந்துக்களும் உளர்; கிறித்தவரும் உளர். தேவாலய இறுதிச் சடங்கின் அமைதிமொழியும் லயத்து வாசலின் ஒப்பாரியும் இவர்கள் வாழ்வில் அருகருகே நிற்பவை. மேற்கண்ட வினா இங்கு ஏட்டுவினா அன்று.

அழுகையின் நான்கு நிலைக்களன்கள்

தொல்காப்பியம் கையறுநிலையைக் காஞ்சித்திணையுள் வைத்து, கழிந்தவரை நினைந்து ஒழிந்தவர் புலம்புவது என அதற்கு இலக்கணம் வகுக்கிறது. மெய்ப்பாட்டியலோ அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சுட்டுகிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழத்தல் இந்நான்கனுள் ஒன்று மட்டுமே. பிறரால் இகழப்படுதலும், பண்டைய நிலை கெட்டு வருந்துதலும், நுகர்வதற்கு ஒன்றும் இல்லாமையும் அழுகைக்குரியனவே என்பது தொல்காப்பியர் கருத்து. அழுகையை அவர் சமூக நிலைகளோடு பிணைத்துக் காண்கிறார் என்பது இதனாற் புலனாகும்.

ஒப்பாரி இந்நான்கினையும் ஒருங்கே ஏற்கிறது. பெண்கள் தலைவிரித்து, வட்டமாய் அமர்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பற்றிப் பாடுகையில் இறந்தவரின் அருமையிலிருந்து பாடல் தொடங்கும். பின்னர்ப் பிறந்தகத்தின் புறக்கணிப்பு, அண்ணியின் கடுஞ்சொல், வேலையிடத்துச் சிறுமை, கடன் ஆகியன நுழையும். இசபெல் கிளார்க்-டெசே 2005இல் வெளியிட்ட தமிழ் ஒப்பாரி பற்றிய ஆங்கில நூல், இறந்தவர்க்காக எவரும் அழுவதில்லை என்னும் பொருள்படும் தலைப்பைக் கொண்டது. பெண்கள் தத்தம் துயர்க்கே அழுகின்றனர் என்பதை அது விரித்துரைக்கிறது. இக்கருத்து பாதி உண்மையே. லயத்துப் பெண் தன் துயரைப் பாடும்போது இறந்தவளின் துயரையும் பாடியவளாகிறாள்; இருவரும் கிள்ளியது ஒரே மலையின் கொழுந்து, இருவரும் நனைந்தது ஒரே ஒழுகும் கூரையின் கீழ். அங்குத் தன்னிரக்கமும் பிறரிரக்கமும் பிரித்தற்கரியவை.

ஒப்பாரியில் ஏழைத் தாயின் வீடு பொன்மாளிகையாகிறது. கஞ்சி ஊற்றிய கலம் வெள்ளிக் கிண்ணமாகிறது. இதனைப் பொய்ம்மை எனத் தள்ளுதல் பொருந்தாது. வருகைப் பதிவேடு ஓர் உயிரை நாட்கூலியாக மட்டுமே கணக்கிட்டது. அவ்வுயிரின் மெய்யான மதிப்பைப் பாடல் வேறொரு கணக்கில் எழுதுகிறது.

குற்றம் சாட்டப்படுபவர் யார்?

ரெக்வியத்தின் பழைய வடிவில் இறுதித் தீர்ப்புநாளைப் பாடும் பகுதி ஒன்று உண்டு. எல்லாம் எழுதப்பட்ட ஏடு அந்நாளில் கொணரப்படும் என்பது அதன் செய்தி. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிந்தைய சீர்திருத்தத்தில் இப்பகுதி இறுதிச் சடங்கிலிருந்து நீக்கப்பட்டது. மோட்சார்ட், வெர்டி ஆகியோரின் இசையாக்கங்களில் இன்றும் ஒலிக்கிறது. அங்குத் தீர்ப்புக்கு அஞ்சி நிற்பது மனித உயிர், வேண்டப்படுவது இரக்கம். ஒப்பாரியில் இந்நிலை தலைகீழாகிறது. கூண்டில் நிறுத்தப்படுபவர் எமனும் கடவுளும், கைவிட்ட உறவும், காலத்தில் வாராத மருத்துவமும் ஆவர். இறந்தவர் அங்கு வாதி.

இவ்வேறுபாட்டை உயர்வு தாழ்வாகக் கொள்ளவேண்டியதில்லை. மேலை மரபே இக்குறையை உணர்ந்ததற்குச் சான்றுண்டு. 1940இல் குண்டுவீச்சில் அழிந்த கவென்ட்ரிப் பேராலயத்தின் அருகே எழுந்த புதிய ஆலயத்தில், 1962 மே 30 அன்று பெஞ்சமின் பிரிட்டனின் 'போர் ரெக்வியம்' அரங்கேறியது. முதல் உலகப் போரின் இறுதி வாரத்தில் மாண்ட வில்பிரெட் ஓவனின் கவிதைகளை அவர் இலத்தீன் மன்றாட்டுகளுக்கு இடையே வைத்தார். ஓய்வை வேண்டும் குரலும் போரை வினவும் குரலும் அங்கே மோதுகின்றன.

கூலியும் கண்ணீரும்

முறையீடே இரங்கற்பாடலின் உயிர் எனின், கூலிக்கு அழுபவர் நிலை யாது? 'கூலிக்கு மாரடித்தல்' என்னும் தொடர் தமிழில் பொய்யுணர்ச்சிக்கு உவமை. ஆயின் பிறர் வீட்டுச் சாவுக்கு அழும் கடமை ஒடுக்கப்பட்டோர் மீதே சுமத்தப்பட்டது என்பதை அத்தொடர் மறைத்துவிடுகிறது. மகாசுவேதா தேவியின் 'ருடாலி' கதை, கூலிக்கு அழும் பெண்ணின் உலர்ந்த கண்களுக்குப் பின்னுள்ள வாழ்வைக் காட்டியது.

இதற்கு மறுதலையாக மோட்சார்ட்டின் ரெக்வியத்தை எண்ணலாம். இளம் மனைவியை இழந்த வால்செக் பிரபு தம் பெயரை மறைத்து அதனை எழுதப் பணித்தார். 1791 டிசம்பரில் மோட்சார்ட் மறைய, மாணவர் சூஸ்மையர் அதனை நிறைவு செய்தார். 1793இல் பிரபு அதனைத் தம் படைப்பாகவே நிகழ்த்தினார். அவர் துயர் மெய், உரிமைகோரல் பொய். ஆதலின் கூலி பெறுவது இரங்கலைப் பொய்யாக்குவதில்லை. பாடியவரின் குரலை மறைத்துத் தனதாக்கிக் கொள்வதே குற்றம். ஒப்பாரியைத் திரட்டும் ஆய்வாளர்க்கும் இவ்வறம் பொருந்தும். பாடிய பெண்ணின் பெயரும், எச்சாவில் யாருக்காகப் பாடினார் என்ற சூழலும் இன்றிப் பாடலை மட்டும் அச்சேற்றினால், வாதியை நீக்கி வழக்கைப் பதிவு செய்ததாகும்.

பெட்டிமுடி

இதே இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில், 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மலைச்சரிவு லயங்களை மூடியது. தோட்டத் தமிழரும் அவர்தம் குழந்தைகளுமாக 70 பேர் மாண்டனர். சிலர் உடல் இறுதிவரை கிடைக்கவில்லை. பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகள் நிலவிய காலம் அது. மீட்கப்பட்டோர் அம்மலையிலேயே கூட்டாக அடக்கம் செய்யப்பட்டனர். மறுநாள் கரிப்பூரில் வானூர்தி விபத்து நிகழ்ந்தது. அதில் இறந்தோர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாயும் பெட்டிமுடியில் இறந்தோர் குடும்பத்துக்கு 5 இலட்சம் ரூபாயும் மாநில அரசு அறிவித்ததாக எழுந்த மனக்குறை பரவலாகப் பேசப்பட்டது. இழவோடு இளிவும் சேர்ந்த தருணம் அது. 'அவர்கள் ஆன்மா அமைதி கொள்க' என்னும் இரங்கற்செய்தி மட்டும் அங்குப் போதாது. அச்சரிவில் லயம் ஏன் இருந்தது, உயிரின் விலை ஏன் வேறுபட்டது என்னும் வினாக்களுக்கு விடை கிடைக்குமுன் வேண்டப்படும் அமைதி, இறந்தோரைவிட இருப்போர்க்கே வசதியானது.

முடிவுரை

கையறுநிலை என்னும் பெயரே செயலற்று நிற்றலைக் குறிப்பது. ஆயின் செய்ய ஏதுமற்ற நிலையில் எஞ்சுவது சொல். ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மாய்ந்தபின் மலர்ந்த முல்லையையே குடவாயிற் கீரத்தனார் வினவினார் (புறநானூறு, 242). வினவுதல் தமிழ் இரங்கலின் பழைய இயல்பு. ஓய்வு வேண்டுதலும் முறையிடுதலும் இறந்தோர்க்குச் செய்யும் இரு கடன்களே. எனினும் அவற்றுக்கு ஒரு வரிசைமுறை உண்டு: முறையீடு கேட்கப்பட்ட பின்னரே அமைதி வேண்டுதல் அறமாகும். ஏலப்பாறை லயங்களின் பிள்ளைகள் வேலை தேடி மலையிறங்கி வருகின்றனர். ஒப்பாரி அறிந்த முதிய பெண்கள் அருகி வருகின்றனர். அவர்களோடு மறையக்கூடியது ஒரு பாடல் வகை மட்டுமன்று. எந்த ஏட்டிலும் பதியப்படாத ஒரு மக்களின் முறையீடும் ஆகும். அதனை அவர்தம் பெயரோடும் சூழலோடும் பதிவு செய்தல் தமிழாய்வின் கடன் எனலாம்.