விலை வீழ்ந்த நாளில் வாங்கலாமா?

நம்மவரிடையே 'பங்கு' என்றால் முதலில் நினைவுக்கு வருவது கோயிலும் அதைச் சேர்ந்த குடும்பங்களுமே. இப்பொழுது அச்சொல்லின் மற்றொரு பொருளும் நம் வீடுகளில் தாராளமாகப் புழங்குகிறது. 2020 மார்ச்சில் இந்தியாவில் ஏறக்குறைய 4 கோடியாக இருந்த டீமாட் கணக்குகள் 2024ல் 15 கோடியைத் தாண்டிவிட்டன. பூசை முடிந்து கெபி ஓரத்தில் நிற்கும் வாலிபர்களின் கைப்பேசியை எட்டிப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஆகையால் இதைப் பற்றி இத்தாளில் எழுதுவது பொருத்தமற்றதாகாது என்று நினைக்கிறேன்.

இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவர் ஒரு குடும்பத் தலைவர். 2020 மார்ச் 23ந் தேதி, கொரோனா பயத்தால் பம்பாய்ப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளிகளுக்கு மேல் சரிந்து 26,000க்குக் கீழே போய் நின்றது. அதே ஆண்டு ஜனவரியில் அது 42,000 வரை ஏறியிருந்தது. அன்றிரவே அவர் போனில் அழைத்தார். மகளின் நர்சிங் படிப்புக்கு ஜூன் மாதம் கட்ட வேண்டிய பணம் அவரிடம் தயாராக இருந்தது. "அண்ணே, இப்ப வாங்கிப் போட்டா பத்து வருஷத்துக்குக் கவலையில்லைங்கிறாங்க. மத்தவங்க பயந்து விக்கிறதை நாம வாங்கறது பாவம் ஒண்ணும் இல்லையே?"

பாவமா என்ற கேள்விதான் அவரை உறுத்தியது. என்னை உறுத்தியது வேறு. இருந்தாலும் அவருடைய கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

இது புதிய கேள்வியல்ல. பஞ்சம் பிடித்த ரோட்ஸ் தீவுக்குத் தானியத்தோடு முதலில் வந்து சேர்ந்த ஒரு வியாபாரி, பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை மறைத்து, உயர்ந்த விலைக்கு விற்கலாமா என்று சிசரோ என்ற ரோமர் கி.மு. 44ல் தம் மகனுக்காக எழுதிய நூலில் கேட்கிறார். மறைக்கக் கூடாது என்பதே அவர் முடிவு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்வினாஸ் ஏறக்குறைய இதையே ஆராய்ந்து, நடப்பு விலைக்கு விற்கிறவன் நீதிக்கு விரோதமாக நடக்கவில்லை, ஆனால் உள்ளதைச் சொல்லி விற்பானாகில் அது மேலான புண்ணியம் என்றார்.

சந்தை வீழ்ந்த நாளில் வாங்குகிறவன் எதையும் மறைக்கவில்லை. அவனுக்குத் தெரிந்தது விற்கிறவனுக்கும் தெரியும். கம்பெனிக்குள்ளிருந்து கசிந்த இரகசியத்தைக் கொண்டு வாங்குவது வேறு சங்கதி, அதைச் சட்டமே தண்டிக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்காக அன்று விற்றவருக்கு, வாங்க ஆளே இல்லாதிருந்தால் இன்னும் குறைந்த விலைதான் கிடைத்திருக்கும். அடுத்த வீட்டுக்காரர் கஷ்டகாலத்தில் நிலத்தை விற்க வரும்போது அவருடைய அவசரத்தை அளந்து விலையைக் குறைப்பது பாவம். முகமறியாத சந்தையில் கேட்ட விலையைக் கொடுத்து வாங்குவது அந்த இனத்தைச் சேர்ந்ததல்ல. ஆனால் மைத்துனர் வந்து, 'என் பங்குகளை என்ன செய்யட்டும்?' என்று கேட்கும்போது, நாம் வாங்கிக்கொண்டே அவரை விற்கச் சொன்னால், அங்கே முகம் தெரிந்துவிடுகிறது. ரோட்ஸ் வியாபாரியின் கதை அங்கேதான் பொருந்தும்.

இதைக் கேட்டு அவர் மனம் லேசாயிற்று. என் மனம் ஆகவில்லை.

அதே தோமாஸ், அநியாய வட்டியைக் கண்டிக்கும் பகுதியிலேயே இன்னொன்றும் சொல்கிறார். ஒரு வியாபாரியோடோ கைத்தொழில் செய்கிறவனோடோ கூட்டாகப் பணம் போடுகிறவன் லாபத்தில் தன் பாகத்தைக் கேட்கலாம் என்கிறார். ஏனெனில் அந்தப் பணம் இன்னும் அவனுடையது. தொழில் நொடித்தால் நஷ்டமும் அவனைச் சேர்ந்தது. உழைக்காமல் வரும் லாபத்துக்கு உரிமை தருவது, நஷ்டத்தைத் தாங்கச் சம்மதித்ததுதான். பங்கு முதலீட்டை நான் நியாயமானதென்று ஒப்புக்கொள்வதும் இந்தக் காரணத்தால்தான். அப்படியானால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்த நஷ்டத்தைத் தாங்கப்போவது யார்? ஜூன் மாதம் கட்டணம் கட்ட வழியில்லாமற் போனால் வீட்டில் உட்காரப் போவது அவரல்ல, அவர் மகள். சம்மதிக்கிறவர் ஒருவர், சுமக்கிறவள் இன்னொருத்தி. கடன் வாங்கிப் பங்கு வாங்குவோர் விஷயமும் இதுவே. அங்கே சுமக்கிறவள் பெரும்பாலும் மனைவி, அவளுக்கு அது தெரிந்துகூட இராது.

வேண்டாம் என்றேன். அவரும் கேட்டுக்கொண்டார்.

பிறகு நடந்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஜூன் முடிவில் சென்செக்ஸ் ஏறக்குறைய 35,000. டிசம்பர் முடிவில் 47,000க்கும் மேல். என் பேச்சைக் கேட்காதிருந்தால் மூன்றே மாதத்தில் அவர் பணம் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் வளர்ந்திருக்கும். இதை அவர் மறக்கவில்லை, என்னையும் மறக்க விடுவதில்லை.

இருந்தாலும் இன்னொரு நாளைப் பாருங்கள். 2008 ஜனவரி 21ந் தேதி சென்செக்ஸ் ஒரே நாளில் 1,400 புள்ளிகள் சரிந்து 17,600ல் நின்றது. சில நாட்களுக்கு முன்தான் 21,000ஐத் தொட்டிருந்தது. மலிந்த விலை என்று எண்ணி அன்று வாங்கியவருக்கு ஜூன் முடிவில் குறியீடு 13,500க்கும் கீழே இருந்தது. கல்லூரிக் கட்டணத்தில் ஏறக்குறைய கால்வாசி குறைந்திருக்கும். அக்டோபரில் 8,000க்கும் கீழே போயிற்று. வீழ்ந்த அந்த இரவில், இது 2008ஐப் போன்றதா 2020ஐப் போன்றதா என்று யாரால் சொல்ல முடியும்? குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பத்திரமாய் வீடு சேர்ந்தவனை, நன்றாக ஓட்டினான் என்று நாம் சொல்வதில்லை.

சரி, பத்து வருஷத்துக்குக் கைவைக்க வேண்டாத பணம் ஒருவரிடம் இருக்கிறது. அவர் எதை வாங்குவது? கூட்டாளி என்ற நினைவோடு பார்த்தால் பாதி வழி தெளிவாகிவிடும். கடையில் கூட்டுச் சேரச் சொல்லி ஒருவர் அழைத்தால், அவருக்கு எவ்வளவு கடன், கல்லாவில் உண்மையாகவே பணம் வருகிறதா, சொந்தப் பாகத்தை எங்காவது அடகு வைத்திருக்கிறாரா என்று விசாரிக்கமாட்டோமா? கம்பெனியின் வருஷ அறிக்கையிலும், நிறுவனர்கள் அடகு வைத்த பங்குகளைப் பற்றிச் சந்தைக்குத் தரும் கணக்கிலும் இவை இருக்கின்றன. ஆனால் விலை வீழ்ந்த நாளில் இவற்றைப் புரட்டுவோர் குறைவு. எது அதிகமாக வீழ்ந்ததோ அதுவே மலிவு என்று ஓடுகிறோம். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் பங்கு 2008 ஜனவரியில் 800 ரூபாய்க்கு மேல் விற்றது. பாதி விலைக்கு வந்தபோது மலிவு என்று வாங்கினார்கள், கால் விலையிலும் வாங்கினார்கள். கடன் பெருகி, 2016க்குப் பிறகு தொலைபேசிக் கட்டணப் போட்டியில் நிற்கமுடியாமல், 2019ல் அது திவால் நடவடிக்கைக்குள் போயிற்று. பங்கு ஒரு ரூபாய்க்கும் கீழே இறங்கியது. அந்தப் பங்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களின் பொறுமையைப் பொறுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அறிக்கையைப் படித்தாலும் ஏமாறலாம். சத்யம் கம்பெனியின் கணக்கு பொய் என்பதை அதன் தலைவரே 2009 ஜனவரி 7ந் தேதி எழுதி ஒப்புக்கொள்ளும் வரை தணிக்கையாளரும் சொல்லவில்லை. அதனால்தான் சாதாரணக் குடும்பத்துக்கு, பல கம்பெனிகளை ஒருசேர வாங்கும் இண்டெக்ஸ் பண்டு ஏற்றது என்பது என் அபிப்பிராயம். அந்தப் பட்டியல் நொடித்தவற்றைக் கழித்துவிட்டு வேறு கம்பெனிகளைச் சேர்த்துக்கொள்கிறது. சத்யத்தையும் அப்படித்தான் சென்செக்ஸிலிருந்து எடுத்தார்கள். 2008ல் வீழ்ந்த குறியீடு 2010 நவம்பரில் பழைய 21,000ஐத் தொட்டது. எல்லா நாட்டிலும் இப்படி நடக்கும் என்று நம்பிவிட வேண்டாம். ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் முடிவில் எட்டிய உயரத்தை மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில். முப்பது வயதில் வாங்கியவருக்கு அறுபத்துநாலு வயது ஆகியிருக்கும்.

எந்தத் தொழிலுக்குக் கூட்டாளி ஆகிறோம் என்பதும் உண்டு. டாஸ்மாக் கடையை மூடச் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டு, சாராயக் கம்பெனியின் டிவிடெண்டை வங்கிக் கணக்கில் வாங்கிக்கொள்வது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பெண் படிப்பை முடித்து இப்பொழுது வேலை பார்க்கிறாள். சம்பளத்தில் ஒரு சிறு தொகையை மாதந்தோறும் இண்டெக்ஸ் பண்டில் போட்டுவருகிறாளாம், ஏறினாலும் இறங்கினாலும். தகப்பனாருக்கு அது பொறுக்கவில்லை. "விலை நல்லா இறங்கட்டும், மொத்தமா வாங்கலாம்னு நீங்களாவது சொல்லுங்கண்ணே" என்று போன ஞாயிற்றுக்கிழமைகூடக் கேட்டார். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.