குறிலும் நெடிலும்

ஆங்கிலேயர் தேநீரோடு தின்னுகிற பண்டம் ஒன்று உண்டு. மாவும் வெண்ணெயும் பாலும் பிசைந்து, சிறு வட்டங்களாக வெட்டிச் சுட்டெடுப்பது. அதன் பெயரை உச்சரிப்பதில் அவர்களுக்குள் ஓயாத வழக்கு. ஸ்காத்லாந்துக்காரரும் வட இங்கிலாந்துக்காரரும் 'ஸ்கொன்' என்பார்கள். நடு இங்கிலாந்திலும் தென் அயர்லாந்திலும் 'ஸ்கோன்' என்பவரே மிகுதி. லண்டன் பக்கம் இரண்டும் புழங்கும். 2016-ல் கேம்பிரிட்ஜ் மொழியாராய்ச்சியாளர்கள் இதைப் படமாகவே போட்டுக் காட்டினார்கள். நம் எழுத்திலானால் ஒரு கொம்புச் சுழியில் தீர்ந்துவிடும் விஷயம். அவர்கள் இரண்டையும் ஒரே மாதிரி எழுதித் தொலைக்கிறார்கள்!

அதே எழுத்துக்களில் எழுதப்படும் ஊர் ஒன்றும் ஸ்காத்லாந்தில் இருக்கிறது. அதற்கோ 'ஸ்கூன்' என்று பெயர். அரசர்களுக்கு முடிசூட்டிய அந்த இடத்துக் கல்லை 1296-ல் எட்வர்ட் மன்னர் தூக்கிக்கொண்டு போனார். 1996-ல் ஸ்காத்லாந்துக்குக் கல் திரும்பிவிட்டது. உச்சரிப்பை விட்டுக்கொடுக்கத்தான் இன்றுவரை எவரும் தயாராயில்லை.

காரணம், அங்கே எடை போடப்படுவது பண்டமல்ல, மனிதன். நெடில்காரன் பெரியமனுஷ வேஷம் போடுகிறான் என்பது குறில்காரர் அபிப்பிராயம். குறில்காரரைப் பற்றி அவர்களுக்கும் அதே அபிப்பிராயந்தான்.

சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. கல்லூரியில் சேர்ந்த புதிதில் நண்பர்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். பாட்டி தட்டை நீட்டி, "பிஸ்கோத்து எடுத்துக்கோங்கப்பா" என்றாள்.

"பிஸ்கட்னு சொல்லு பாட்டி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பாட்டியும் சிரித்தாள்.

'பிஸ்கோத்து' போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொல் என்று பல வருஷங்களுக்குப் பிறகு படித்தேன். ஆங்கிலேயருக்கு முன்பே நம் கரைக்கு வந்தவர்கள் அவர்கள். ஆக, என் 'பிஸ்கட்'டைவிடப் பாட்டியின் சொல்லே மூத்தது! அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு வம்சாவளி கிடைத்திராவிட்டால் நான் செய்தது நியாயமாகிவிடுமா? பாட்டியின் வாயிலிருந்து வந்தது என்பது போதாதென்று, லிஸ்பனிலிருந்து அத்தாட்சி தேவைப்பட்டதே எனக்கு?

அந்த முறை ஊருக்குப் போனபோது பாட்டியிடம் இதைச் சொல்ல வேண்டுமென்றுதான் இருந்தேன். உட்கார்ந்ததும் வழக்கம்போல் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இதை எடுத்துக்கோடா" என்றாள்.

பெயரைச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவள் அதன் பெயரைச் சொல்லி நான் கேட்டதேயில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.