இரண்டு தராசு வேண்டாம்!

நீதி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்குக் கோர்ட்டும் வக்கீல்களுமே நினைவுக்கு வருகின்றனர். ஆனால் அல்லாஹு தஆலா முஃமின்கள் மீது கடமையாக்கியுள்ள நீதி நான்கு சுவர்களுக்குள் அடங்கிவிடுவதன்று. கடையில் தராசு பிடிப்பவர் முதல், இரு பிள்ளைகளுக்குப் பலகாரம் பங்கிடும் தாய் வரை எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டவர்களே. அந்த வரிசையில், மாலை நேரத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் விசிலுடன் நிற்கும் கால்பந்து நடுவரும் ஒருவர்.

காயல்பட்டினம் போன்ற நம் ஊர்களில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் பிள்ளைகள் பந்தை விட்டு வேறொன்றையும் நினைப்பதில்லை. அவர்களுடைய பந்தயங்களுக்கு நடுவராக நிற்கும் இளைஞர்கள் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு: "ஹஜ்ரத், கண்ணால் கண்டதைத்தான் நாங்கள் சொல்கிறோம். ஆனாலும் பயிற்சியாளர் கோபத்துடன் கோட்டருகே வந்து, பிள்ளைகள் முன்னிலையிலேயே ஏசுகிறார். நாங்களும் மனிதர்கள். சில சமயம் அவர் சொல்வதே சரியாகவும் இருக்கலாம். தவறக்கூடிய ஒரு மனிதனின் தீர்ப்புக்கு மற்றவர்கள் ஏன் கட்டுப்பட வேண்டும்?"

விளையாட்டுத்தானே என்று ஒதுக்கிவிட முடியாத கேள்வி இது.

நபிகளார் காலத்துப் போட்டிகள்

மறைக்க வேண்டியதை மறைத்து, தொழுகை நேரத்தைப் பேணி, பந்தயம் கட்டும் சூது கலவாமல் விளையாடுவதை மார்க்கம் தடுக்கவில்லை. நபி (ஸல்) அவர்களே குதிரைப் பந்தயம் நடத்தியதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். பந்தயத்திற்கென்று பயிற்றப்பட்ட குதிரைகளுக்கு நீண்ட தூரமும், பயிற்றப்படாதவற்றுக்குக் குறைந்த தூரமும் நிர்ணயிக்கப்பட்டிருந்தன. பலம் வேறு வேறானவற்றை ஒரே கோட்டில் நிறுத்தாமல் இருப்பதும் நீதிதான் என்பதை இதிலிருந்து விளங்கிக் கொள்ளலாம்.

அஸ்லம் கோத்திரத்தார் அம்பெய்து போட்டியிட்டபோது, நபி (ஸல்) அவர்கள் ஒரு சாராரின் பக்கம் தாம் இருப்பதாகக் கூறி உற்சாகப்படுத்தினார்கள். உடனே மற்றச் சாரார் எய்வதை நிறுத்திக் கொண்டனர். தங்கள் நபி எதிர்ப்பக்கம் இருக்கும்போது எப்படி எய்வது என்று அவர்கள் தயங்கினர். அதன்பின் நபியவர்கள், தாம் எல்லோருடனும் இருப்பதாகச் சொன்ன பிறகே போட்டி தொடர்ந்தது. நடுவில் நிற்பவர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்ற எண்ணம் தோன்றினாலே ஆட்டக்காரனின் கை ஓய்ந்து போகும். இதை நடுவர் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும்.

நடுவரின் நிலை

நடுவரின் வேலை பார்ப்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. "ஆஃப் சைடு" என்ற ஒன்றையே எடுத்துக் கொள்வோம். பந்து உதைக்கப்படும் அந்தக் கணத்தில் முன்னால் இருக்கும் வீரர் எங்கே நின்றார் என்பதே கணக்கு. பந்து உதைக்கப்படுவதோ ஓரிடம். அவ்வீரர் நிற்பதோ இன்னோரிடம். பள்ளிப் பந்தயங்களில் பல சமயம் லைன்ஸ்மேன் கூட இருப்பதில்லை. ஓடிக்கொண்டே இரண்டையும் ஒரே நொடியில் ஒருவரே பார்க்க வேண்டும்.

தீர்ப்பளிப்பவர் முயன்று ஆராய்ந்து சரியாகத் தீர்ப்பளித்தால் அவருக்கு இரு கூலிகள். முயன்றும் தவறிவிட்டால் ஒரு கூலி என்ற கருத்தில் புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் ஹதீஸ் வந்துள்ளது. காஜியின் அந்தஸ்தை விளையாட்டு நடுவருக்கு நாம் கொடுத்துவிடவில்லை. ஆனால் பாடம் ஒன்றே. தீர்ப்புக்குக் கட்டுப்படுவது, தீர்ப்பளிப்பவர் தவறவே மாட்டார் என்பதற்காக அன்று. யாரேனும் ஒருவர் முடிவு சொல்லாவிட்டால் சச்சரவு தீராது என்பதற்காகவே. கால்பந்துச் சட்டமும் ஆட்டத்தின் நிகழ்வுகள் பற்றிய நடுவரின் முடிவே இறுதியானது என்கிறது. அதே சட்டம், தாம் தவறிவிட்டதாக நடுவர் உணர்ந்தால், ஆட்டம் மீண்டும் தொடங்குவதற்கு முன் முடிவை மாற்றிக் கொள்ளவும் இடமளிக்கிறது. எனவே தவறை உணர்ந்தும் கௌரவத்திற்காக அதைப் பிடித்துக் கொண்டிருப்பவருக்குச் சட்டத்திலும் சாக்கு இல்லை. மார்க்கத்திலும் சாக்கு இல்லை.

இரண்டு எச்சரிக்கைகள் இங்கு அவசியம். ஒன்று, அந்தக் கூலி முயன்றவருக்கே உரியது. சட்டங்களைப் படிக்காமலும், பந்தோடு ஓடாமல் நடு வட்டத்திலேயே நின்றும் ஊதுபவர் அதில் பங்கு கேட்க முடியாது. மற்றொன்று, சென்ற முறை ஓர் அணிக்குத் தவறு செய்துவிட்டோம், இம்முறை ஒரு பெனால்டி கொடுத்துச் சரிக்கட்டுவோம் என்று நினைப்பது. இது பரிகாரமன்று, இரண்டாவது அநியாயம். முதலாவது அறியாமல் நிகழ்ந்தது. இதுவோ அறிந்தே செய்வது.

கோபத்தோடு வருபவர்

இனி, கோபத்துடன் வரும் பயிற்சியாளரை எப்படி எதிர்கொள்வது?

நபி (ஸல்) அவர்களிடம் தமக்கு வரவேண்டிய கடனைக் கேட்டு வந்த ஒருவர் கடுமையாகப் பேசினார். தோழர்கள் அவரைத் தண்டிக்க எழுந்தனர். அவரை விட்டுவிடுமாறும், உரிமை உள்ளவருக்குப் பேசும் உரிமையும் உண்டு என்றும் நபியவர்கள் கூறித் தடுத்தார்கள். ஹுனைன் போருக்குப் பின் பொருள்களைப் பங்கிட்டபோது, இந்தப் பங்கீட்டில் அல்லாஹ்வின் பொருத்தம் நாடப்படவில்லை என்று ஒருவர் பேசினார். அது அண்ணலாரின் திருமுகத்தை மாற்றிவிட்டது. என்றாலும், மூஸா (அலை) அவர்கள் இதைவிட அதிகமாக நோவினை செய்யப்பட்டும் பொறுமை காத்தார்கள் என்று கூறியதோடு நிறுத்திக் கொண்டார்கள். படைப்பினங்களில் மிகச் சிறந்த நீதிமானையே பாரபட்சம் காட்டியதாகச் சொன்னார்கள் என்றால், நம்மைச் சொல்வதில் என்ன வியப்பு!

ஆகவே வந்தவரின் பேச்சைச் சிறிது கேளுங்கள். பதிலைச் சுருக்கமாக, தணிந்த குரலில் சொல்லுங்கள். கோபமாக இருக்கும் நிலையில் இருவருக்கிடையே தீர்ப்பளிக்கக் கூடாது என்ற ஹதீஸை மறவாதீர்கள். திட்டியவரின் அணி மீது அடுத்த ஃபவுலைத் தேடிப் பிடிப்பது தீர்ப்பன்று, பழிவாங்கல்.

ஆனால் பொறுமை என்பது எல்லையற்றதன்று. கடன் கேட்டவருக்கு இருந்தது பேசும் உரிமை. பிறர் மானத்தைப் பறிக்கும் உரிமை அன்று. மஞ்சள், சிவப்பு அட்டைகள் 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில்தான் முதலில் வந்தன. 2019 முதல் பயிற்சியாளர்களுக்கும் அவற்றைக் காட்டச் சட்டம் இடம் தருகிறது. முதலில் வேண்டுகோள், பிறகு எச்சரிக்கை, பிறகே வெளியேற்றம் என்ற வரிசை நல்லது. அணியின் பெஞ்சிலிருந்து குற்றம் செய்தவர் யார் என்று தெரியாவிட்டால், அங்குள்ள மூத்த பயிற்சியாளரே அட்டையைப் பெற வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பர். உங்கள் மந்தையைப் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்திலமைந்த நபிமொழியை அறிந்த நமக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும்.

பயிற்சியாளரின் தராசு

பயிற்சியாளர்களாக இருக்கும் சகோதரர்களுக்கும், கோட்டருகே நிற்கும் தந்தைமார்களுக்கும் ஒரு வார்த்தை. திருக்குர்ஆனின் 83-வது அத்தியாயம், பிறரிடம் வாங்கும்போது நிறைய அளந்து வாங்கி, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பவர்களுக்குக் கேடு உண்டென எச்சரிக்கிறது. இது வியாபாரிகளுக்கு மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். எதிரணிப் பிள்ளையின் கையில் பந்து பட்டால் வானதிரக் கத்துகிறோம். நம் பிள்ளையின் கையில் பட்டதை நடுவர் காணாவிட்டால் வாய் மூடி நிற்கிறோம். வயது கூடிய பையனைச் சிறுவர் அணியில் சேர்த்துவிட்டு, நடுவர் நேர்மையற்றவர் என்று குறை சொல்கிறோம். இவை இரண்டு தராசுகள் அல்லவா?

நபி (ஸல்) அவர்கள் தாமும் ஒரு மனிதரே என்றும், வாதத் திறமையால் தம்மிடம் ஒருவர் சகோதரனின் உரிமையைப் பெற்றுச் சென்றால் அது நெருப்பின் ஒரு துண்டே என்றும் எச்சரித்ததாக உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். தீர்ப்பு சச்சரவைத்தான் முடிக்கும், பொய்யை உண்மையாக்காது. அடிபடாமலே விழுந்து பெனால்டி வாங்கிய பிள்ளையைத் தட்டிக்கொடுக்கும் பயிற்சியாளர், கோப்பையோடு சேர்த்து எதைக் கற்றுக்கொடுக்கிறார் என்று யோசிக்க வேண்டும்.

2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரே நகரில், தம் மகன் ஆடிய சிறுவர் பந்தயத்திற்கு லைன்ஸ்மேனாக நின்ற ஒருவரை, ஆட்டம் முடிந்ததும் எதிரணியினர் தாக்கினர். மறுநாள் அவர் இறந்துபோனார். அடுத்த ஆண்டு தண்டனை பெற்றவர்களில் பதின்ம வயதுப் பையன்களோடு, அவர்களில் ஒருவனுடைய தந்தையும் இருந்தார். நடுவரை ஏசுவது பெரியவர்களின் வழக்கமானால், கை ஓங்குவது பிள்ளைகளின் வழக்கமாவதற்கு நெடுநாள் ஆகாது.

தோல்வியைத் தாங்கவும் நமக்கு முன்மாதிரி உண்டு. அண்ணலாரின் அள்பா என்ற ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. ஒரு நாள் கிராமவாசி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது மிகவும் வருத்தமாயிற்று. உலகில் உயர்ந்த எதையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று கூறி நபியவர்கள் அவர்களைத் தேற்றினார்கள். வென்றவரைக் குறை கூறவுமில்லை. மறு பந்தயம் கேட்கவுமில்லை.

பிள்ளை இன்று மைதானத்திலிருந்து வீடு திரும்பும்போது, ஜெயித்தாயா என்று கேட்பதோடு நின்றுவிடாமல், நடுவருக்கு ஸலாம் சொல்லிவிட்டு வந்தாயா என்றும் கேளுங்கள். உள்ளும் புறமும் ஒரே தராசு பிடிக்கும் நல்லடியார்களாக நம்மையும் நம் பிள்ளைகளையும் வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.