சங்கர்-கணேஷும் நமது அருவருப்பும்

நம் வட்டத்தில் சினிமா இசையைப் பற்றிப் பேசத் தடை எதுவும் இல்லை. அந்தக் காலம் போய்விட்டது. எம்.எஸ். விஸ்வநாதனைப் பற்றிப் பேசலாம். இளையராஜாவைப் பற்றிக் கொஞ்சம் தத்துவம் கலந்தே பேசலாம். வி. குமார் பெயரைச் சொன்னால், பிறர் மறந்ததைக் கண்டெடுத்தவன் என்ற மதிப்புக்கூடக் கிடைக்கும். சங்கர்-கணேஷ் பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் மட்டும் முதலில் ஒரு சிரிப்பைச் சிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'பாட்டு பிடிக்கும், ஆனால் நான் விவரம் தெரியாதவன் அல்ல' என்று அந்தச் சிரிப்பு முன்கூட்டியே சாட்சி சொல்லிவிடுகிறது. இந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இங்கு பேச விரும்புகிறேன். சங்கர்-கணேஷை ஆதரித்தும்தான்.

இருவரும் விஸ்வநாதன்-ராமமூர்த்தியின் பட்டறையில் பழகியவர்கள். 1967-இல் 'மகராசி' மூலம் இசையமைப்பாளர்களானார்கள். 1972-இல் எம்.ஜி.ஆருக்கு 'நான் ஏன் பிறந்தேன்', 'இதய வீணை' என்று இரண்டு படங்கள். 1976-இல் 'அன்னக்கிளி' வந்து காற்றின் திசை மாறிய பிறகும் இவர்கள் ஒதுங்கிவிடவில்லை. 'ஆட்டுக்கார அலமேலு' (1977), 'கன்னிப் பருவத்திலே' (1979), 'நீயா?' (1979), 'பாலைவனச் சோலை' (1981), 'சட்டம் ஒரு இருட்டறை' (1981), 'விதி' (1984), 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) எல்லாம் இவர்கள் இசைதான். இடையில் தங்கள் குழுவோடு மேடைக் கச்சேரிகள் வேறு. இந்தப் பட்டியலால் எந்தப் பாட்டும் நல்ல பாட்டாகிவிடாது. இவ்வளவு காலம் இவ்வளவு பேர் காதில் இருந்த ஒன்றைப் பற்றி, சிரிப்பைத் தவிர வேறு எதிர்வினை நம்மிடம் இல்லாமற் போனது எப்படி என்று கேட்கவாவது இது போதும்.

இவர்கள்மேல் சொல்லப்படும் முதல் குற்றம், காப்பி. குற்றம் பொய்யல்ல. 'நீயா?'வில் பிரபலமான ஜோடிப் பாட்டின் மெட்டு, அந்தப் படத்தின் மூலமான 'நாகின்' (1976) என்ற இந்திப் படத்தினுடையது. 'பாலைவனச் சோலை'யில் வாணி ஜெயராம் பாடிய பாட்டு ஜக்ஜித் சிங்கின் கஜல் ஒன்றை அடியொற்றியது. எடுத்த இடத்தைச் சொல்லாமல் எடுப்பது தவறு. இதில் எனக்குச் சமாதானம் ஏதும் தோன்றவில்லை. ஒருவனுடைய உழைப்பு இன்னொருவன் பெயரில் வெளியாவது எந்தத் தளத்திலும் அறமாகாது.

ஆனால் நமது சிரிப்பு இந்தத் தவறின் மேல்தான் விழுகிறதா? முத்துசாமி தீட்சிதர் கம்பெனிக்காரர்களின் பாண்டு வாசித்த ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு ஸம்ஸ்கிருத சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். அவற்றில் ஒன்று இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டு. இதை அறியும்போது நமக்கு ஏற்படுவது வியப்பு. 'என்ன திறந்த மனம்!' என்கிறோம். தீட்சிதரையும் சங்கர்-கணேஷையும் ஒரே தராசில் வைப்பது என் நோக்கமல்ல. கடன் வாங்குவது ஒரு இடத்தில் விசாலமாகவும் இன்னொரு இடத்தில் ஈனமாகவும் தெரிகிறதென்றால், நாம் அளப்பது கடனை அல்ல, வாங்கியவனின் இடத்தை என்பதுதான் என் வாதம்.

'பாலைவனச் சோலை'ப் பாட்டையே கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். வேலையில்லாத ஐந்து இளைஞர்கள், அவர்களோடு சிநேகமாகப் பழகும், சாகப்போகிற ஒரு பெண். அந்தக் கதைக்கு ஒரு உருது கஜலின் சாயல் பொருந்தும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும். இந்துஸ்தானி முறையாகக் கற்ற வாணி ஜெயராமிடம் அதைக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் சினிமாவுக்கு வந்திருந்த வைரமுத்துவின் தமிழ் அந்த மெட்டில் மூச்சு முட்டாமல் உட்கார வேண்டும். இவை ஒவ்வொன்றும் ஒரு தீர்மானம். மெட்டு வேறிடத்தது என்றால், தீர்மானங்களும் வேறிடத்தவை ஆகிவிடுமா? மொழிபெயர்ப்பை ஒரு சிருஷ்டி என்று அரை நூற்றாண்டாக வாதாடி வருகிற நாம் இந்த இடத்தில் மட்டும் ஏன் அவசரப்படுகிறோம்?

இரண்டாவது குற்றம், தனி முகம் இல்லை என்பது. நாலு வினாடி கேட்டால் இளையராஜா என்று சொல்லிவிடலாம், சங்கர்-கணேஷை அப்படிச் சொல்ல முடியாது என்பார்கள். இதுவும் பெருமளவு உண்மை. தேவரின் மிருகப் படமா, குடும்பப் படமா, கோர்ட்டுப் படமா, எதைக் கேட்டார்களோ அதைக் கொடுத்தார்கள். கலைஞன் என்றால் முகம் இருக்க வேண்டும் என்பது, கவிதையில் நாம் கைக்கொண்ட நவீனத்துவம் நமக்குக் கற்றுத் தந்த நிபந்தனை. கைவினைஞனிடம் நாம் அதைக் கேட்பதில்லை. நான் எழுதுகிற இடம் திமிரி. வடக்கே ஆற்காடு, அதைத் தாண்டினால் ராணிப்பேட்டை. மேற்கே மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி. சாலை முழுக்கத் தோல். பதனிட்ட தோலில் பதனிட்டவனின் முகம் இருப்பதில்லை. ஆனால் பதம் தவறினால் செருப்பு தைப்பவன் விரலை வைத்ததும் சொல்லிவிடுவான். முகமில்லாத திறமை என்று ஒன்று உண்டு. அதற்கான அளவுகோல் நம்மிடம் இல்லை என்பது அதன் குறையாகாது.

தோல் என்றதும் அருவருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரச்னையின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ராணிப்பேட்டையில் வேலை முடிந்து வருகிறவர்கள் பஸ் ஏறினால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. திருப்பிக்கொள்கிறவர் காலில் அதே தோல் செருப்பாக இருக்கும். மிருதங்கத்தில் பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் இருக்கிறது. அதைத் தோலிலிருந்து வாத்தியமாக்குகிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதன் வெளியீட்டுக்குக் கலாக்ஷேத்ரா முதலில் அரங்கத்தைத் தந்து, பிறகு மறுத்துவிட்டது. நாதம் வேண்டும், தோல் வேண்டாம். சுத்தமான ரசனை என்று நாம் சொல்லிக்கொள்வதில் எவ்வளவு பகுதி ரசனை, எவ்வளவு பகுதி முகத்தைத் திருப்பிக்கொள்வது என்று பிரித்துப் பார்த்தோமா?

அழகைப் பற்றிய தீர்ப்பு சொந்த லாபம் எதையும் கருதாதது, அதனாலேயே எல்லோரும் அதை ஒப்ப வேண்டும் என்று கோருகிறது என்றார் கான்ட் (1790). ரசனை என்பது முதலில் பிறர் ரசனையின் மேல் ஏற்படும் குமட்டல்தான் என்றார் பூர்தியு (1979). இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை என்று படித்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கான்ட் சொல்வது தீர்ப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது. பூர்தியு சொல்வது பெரும்பாலும் அது எப்படி இருக்கிறது என்பது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் ஒரு விமர்சகன் தினமும் நடந்தாக வேண்டும். சங்கர்-கணேஷ் பெயரில் வருகிற சிரிப்பில் சொந்த லாபம் இருக்கிறது. சிரிப்பவன் தன்னை வேறொரு கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டிக்கொள்கிறான்.

அந்தக் கூட்டம் யார்? இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கல்யாண வீட்டு வாசலிலும் மஞ்சள் நீராட்டுப் பந்தலிலும், ஆடி மாதம் கூழ் ஊற்றும் அம்மன் கோவில் எதிரிலும் குழாய் கட்டிப் போட்ட பாட்டுகள் இவை. கொட்டாயில் படம் தொடங்குமுன் போட்டவை. தோல் கம்பெனிக்கு முதல் பஸ்ஸைப் பிடித்த தலைமுறை இவற்றைக் கேட்டது. யார் இசை என்று அவர்கள் விசாரித்ததில்லை. பாட்டு அவர்களுக்கு ஒரு படைப்பாக வரவில்லை. ஒரு காரியத்தின் பகுதியாக வந்தது. 'கன்னிப் பருவத்திலே'யில் மலேசியா வாசுதேவன் குரலில் வந்த பாட்டு, பிறகு எத்தனையோ பேர் சொல்ல முடியாமல் வைத்திருந்ததைச் சொல்லும் வாயாக இருந்திருக்கிறது. இதைக் கொண்டு அந்தப் பாட்டு உயர்ந்தது என்று நான் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தச் சிரிப்பு பாட்டின் மேல் மட்டும் விழுவதில்லை, அந்த வாயின் மேலும் விழுகிறது. பாட்டு மோசம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு. அந்த வாயைச் சிரிக்க எனக்கு என்ன உரிமை?

இங்கே நியாயமான ஒரு ஆட்சேபம் உண்டு. இதே வாதத்தை வைத்து வாரப் பத்திரிகைத் தொடர்கதையையும் ஆதரித்துவிடலாமே. லட்சம் பேருடைய துக்கம் அதிலும்தானே கரைந்திருக்கிறது. அப்படியானால் சிறுபத்திரிகை எதற்கு? இந்தக் கேள்வியிலிருந்து நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. சிறுபத்திரிகை நிராகரிப்பில் பிறந்ததுதான். ஆனால் க.நா.சு. போன்றவர்களின் நிராகரிப்புக்குப் பின்னால் வாசிப்பு இருந்தது. படித்துவிட்டு, இது இலக்கியமல்ல என்று பெயர் போட்டுச் சொன்னார். பதில் வந்தது, சண்டை நடந்தது. அந்த உழைப்புத்தான் நிராகரிப்பை ஒழுக்கமுள்ளதாக ஆக்கியது. சங்கர்-கணேஷ் விஷயத்தில் அப்படி ஒரு உழைப்பை நான் காணவில்லை. யாராவது உட்கார்ந்து கேட்டுவிட்டு, பெரும்பகுதி அவசர வேலை, ஒரே தாளக்கட்டு, இடைவெளி கண்ட இடமெல்லாம் வாத்தியத்தைப் போட்டு நிரப்பியது என்று எழுதினால், அதில் பலவற்றை நானும் ஒப்புக்கொள்வேன். நான் எதிர்ப்பது கேட்காமலே வழங்கப்படும் தீர்ப்பை. பழகிய சப்தத்தையே நல்ல சப்தம் என்று ஜனங்கள் மயங்குகிறார்கள் என்று 1938-இல் அடோர்னோ குற்றம் சாட்டினார். பழகிய ஏளனத்தையே விமர்சனம் என்று மயங்குவது அதைவிட எந்த விதத்தில் மேல்?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இதே வட ஆற்காட்டுத் தெருக்கூத்தைப் படித்தவர்கள் இரைச்சல் என்று ஒதுக்கிய காலம் உண்டு. ந. முத்துசாமி அதை உட்கார்ந்து பார்த்தார், எழுதினார், 1977-இல் கூத்துப்பட்டறை வந்தது. செய்யாறுப் பக்கத்துப் புரிசையின் தம்பிரான்கள் நமக்கு மரியாதைக்குரிய பெயர்களானார்கள். இது நம் வட்டம் செய்த நல்ல காரியங்களில் ஒன்று. ஆனால் கூத்தை மதிப்பது நமக்கு ஒரு வகையில் சுலபமாகவும் இருந்தது. அது நாம் பிறந்து வளர்ந்த வீட்டில் கேட்ட சத்தம் அல்ல, தூரத்தில் இருந்தது, மதித்ததால் நமக்குக் கௌரவம் கூடியது. பாரதக் கூத்து நடக்கிற அதே திருவிழாவில் இன்னொரு ராத்திரி மெல்லிசைக் கச்சேரியும் நடக்கிறது. பார்க்கிறவர்கள் அதே ஜனங்கள். கூத்தில் அவர்கள் நமக்கு மரபின் வாரிசுகளாகத் தெரிகிறார்கள். கச்சேரியில் ரசனை கெட்ட கும்பலாகத் தெரிகிறார்கள். ஒரே ஆள் ராத்திரிக்கு ராத்திரி இப்படி மாற முடியாது. மாறுவது நம் பார்வை.

இசையின் இலக்கணம் அறிந்த யாராவது இந்த இருவரின் பாட்டுகளை வரிசையாகக் கேட்டு, எது சொந்தம், எது கடன், எது வெறும் நிரப்பல், எது நிற்கும் என்று பிரித்து எழுத வேண்டும். கடுமையாகவே எழுதட்டும். அந்த வேலைக்கு எனக்குத் தகுதி இல்லை. அதற்கு ஒரு இடத்தைக் காலி செய்து வைப்பது மட்டுமே இங்கு நான் செய்ய முயன்றது.